அடுத்த வருடக் கப்பலில் என் பெயர்

11-3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஜொகூர் பாலத்தில் நெரிசல். சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு ஒடிந்தது. பிற்பகல் கப்பல் ஏறினோம். நான், இவர், இவருடைய அண்ணன், அண்ணன் மனைவி கலா அக்கா. மூன்று இரவு, பினாங்கு போய்த் திரும்புவது.

செலவு முழுக்க அண்ணனுடையது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தீபாவளிக்கு ஒரு டின் பிஸ்கட்டுக்கு மேல் கொடுக்காத மனிதர். ஏன் என்று யோசித்தபடியேதான் ஏறினேன்.

"நீ மாமியப் பாத்துப் பாத்து மெலிஞ்சு போயிட்ட லா. கொஞ்சம் ரெஸ்ட் எடு," என்றார் கலா அக்கா. நான் மெலியவில்லை. போன மாதம்தான் இரண்டு ரவிக்கையைப் பிரித்துத் தைத்தேன்.

மாமியாரை நேற்று உலு திராமில் ஒரு முதியோர் ஹோமில் விட்டோம். நாலு நாளைக்கு மட்டும். பக்கவாதம் வந்து ஆறு வருடம், இடது பக்கம் வராது. குளிப்பாட்ட, ஊட்ட, ராத்திரி மூன்று தடவை புரட்டிப் போட, எல்லாம் நான். "இங்க கஞ்சி எப்பிடி வெப்பாங்களோ," என்று மாமி அதையும் என் தவறு மாதிரியே சொன்னார்.

மறக்காமல்:
ஹோமுக்குப் போன்.
இவருக்கு வயிற்று மாத்திரை.
க. அக்காவுக்கு இன்று ஏன் இவ்வளவு சிரிப்பு?

12-3, புதன்

வெயில். கடலில் அலையே இல்லை. இவருக்கு வயிறு சரியில்லை, பினாங்கில் இறங்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மீன் குழம்பு என்று எழுதி வைத்திருந்தார்கள். உப்பும் இல்லை, மீனும் இல்லை.

ராத்திரி முழுக்கத் தூங்கினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. விழித்தபோது எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. பிறகு சந்தோஷம். கொஞ்சம் வெட்கமும். சந்தோஷம்தான் அதிகம்.

ஐந்தாம் மாடியில் ஒரு மேசை. அடுத்த பயணத்தைக் கப்பலிலேயே பதிவு செய்துகொள்ளலாம், சலுகை உண்டு, கூட வராதவர்களுக்கும் சேர்த்துப் போடலாம் என்று ஒலிபெருக்கியில் ஓயாமல் சொல்கிறார்கள். க. அக்கா காலையில் அங்கே. மத்தியானமும் அங்கே. நான் கிட்டே போனதும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னக்கா?"

"சும்மா பாக்கறேன் லா. ப்ரொமோஷன்."

சும்மா பார்ப்பவருக்கு எதற்கு மூக்குக் கண்ணாடி, பேனா, அண்ணனுடைய பாஸ்போர்ட்?

இப்போது விளங்குகிறது. அடுத்த வருடம் அவர்கள் இரண்டு பேரும் இவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். எனக்கு வீடு, மாமி, கஞ்சி. இந்த மூன்று இரவு அதற்கு முன்கூட்டியே கொடுக்கும் லஞ்சம். சாயங்காலம் அண்ணனும் இவரும் மேல்தளத்தில் குசுகுசு. என்னைக் கண்டதும் பேச்சு கால்பந்துக்கு மாறியது. கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே இவருக்குத் தெரியாது.

ஹோமுக்குப் போன். மாமி: "சோறு கொழகொழன்னு இருக்கு. பக்கத்துக் கட்டில்காரி ஒரே கொறட்ட. வெள்ளிக்கிழமதானே வருவீங்க?"

"வெள்ளிக்கிழமதான் மாமி."

13-3, வியாழன், காலை

தூறல். பிடித்துவிட்டேன். பசியாறுவதற்கு முன்பே க. அக்கா மேசைக்குப் போனார். நான் பின்னாலேயே போய்த் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். மேசையில் இருந்த பிலிப்பினோ பெண் பெயர்களைச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தாள். அண்ணன். அக்கா. இவர். நாலாவதாக என் பெயர். சத்தியமாக என் பெயர்தான், அப்பா பெயரோடு சேர்த்து.

அடுத்த மார்ச். ஏழு இரவு. லங்காவி, புக்கெட். பால்கனி வைத்த அறை.

எவ்வளவு கெட்ட மனசு எனக்கு! க. அக்காவுக்கு நானே காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு இரவு!

வியாழன், மத்தியானம்

சந்தோஷம் மதியச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சோற்றில் கை வைத்ததும் தோன்றியது, கேட்டுவிட்டேன். "ஏழு நாளைக்கு மாமிய யாருக்கா பாப்பாங்க?"

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தட்டைப் பார்த்தார்.

"மாமி அங்கேயே இருக்கட்டும்னு பேசியிருக்கோம். நல்ல எடம் லா, நர்ஸ் எல்லாம் இருக்காங்க. நீயும் எத்தன நாளைக்குத்தான் கஷ்டப்படுவ?" என்றார் அக்கா.

"யாரு யாரு பேசுனீங்க?"

இவர் தண்ணீர் குடித்தார். நிறையக் குடித்தார்.

மூன்று பேரும் பேசி முடித்திருக்கிறார்கள். மாமியிடம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

"சொந்தக்காரங்க கேட்டா நீ சொன்னாத்தான் சரியா இருக்கும். நீதானே பாத்துக்கற," என்றார் அண்ணன். "நாங்க சொன்னா, புள்ளைங்களே தள்ளி விட்டுட்டாங்கன்னு பேசுவாங்க."

அங்கேதான் முழுசாகப் புரிந்தது. மருமகளால் முடியவில்லை, அதனால் விட்டோம். இப்படித்தான் யோங் பெங்கில் இருக்கும் சித்தப்பா வீடுவரை போய்ச் சேரும். எங்கள் அறையைப் பதிவு செய்ய என் கையெழுத்து வேண்டுமாம். இவருடையது போதாதா என்று கேட்டேன். "நீயே போடு, அதான் நல்லது," என்கிறார் க. அக்கா. யாருக்கு நல்லது?

கோபம்தான். ஆனாலும் இதையும் எழுதத்தான் வேண்டும்: அந்த ஏழு இரவு எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். அந்த ஹோம் மோசமான இடமும் இல்லை.

வியாழன், மாலை

மேசை மூடும் நேரத்துக்கு நாலு பேரும் போனோம். அந்தப் பெண் சிரித்தபடி காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். பேனாவை எடுத்துக்கொண்டு இவரிடம் சொன்னேன்.

"மொதல்ல அம்மாவுக்குப் போன் போடுங்க. இனிமே அங்கதான்னு நீங்க சொல்லுங்க, உங்க வாயால. அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடறேன்."

"இங்கேயா?"

"இங்கதான்."

"அலமாக், ஐயோ, வீட்டுக்குப் போயி மெதுவாப் பேசிக்கலாம் லா," என்றார் க. அக்கா.

"என் பேர மட்டும் இங்கேயே குடுத்தீங்களே அக்கா."

இவர் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். வைக்காவிட்டால் என்ன பேசினார், என்ன பேசவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

"யாரு, சின்னவனா? நாளைக்கு எத்தன மணிக்கு வரீங்க? என் பையக் கட்டி கட்டில்லயே வெக்கச் சொல்லிட்டேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். இவர் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"பத்து மணிக்கெல்லாம் வந்துடுவோம்மா."

"அவளையும் கூட்டிட்டு வா. இவங்களுக்குத் தல வாரத் தெரியல."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். உங்கள் பெயரை மட்டும் எடுக்கவா, அறையையே எடுத்துவிடவா என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து அழுதேன். மாமிக்காக இல்லை. பால்கனிக்காக. இவர் இன்னும் வரவில்லை. காத்திருக்கப் போவதில்லை. இன்றைக்கு ஒரு ராத்திரிதான் இருக்கிறது, தூங்க வேண்டும்.