அடித்த கை

ஜூன் 17

காலை 10.42. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து ஆயாம்மா போனில். "தம்பி, வெளி வகுப்புச் சுவரு விழுந்துடுச்சு. மிஸ் அடியில இருக்காங்க. ரெண்டு பிள்ளைங்களத் தள்ளி விட்டுட்டு அவங்க…"

"எந்தப் பக்கச் சுவர்?" என்று கேட்டேன்.

மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. அவளைத் துணி மூடிக் காட்டினார்கள். விலக்கினேன். விலக்கியிருக்கக் கூடாது.

ஜூன் 18

எல்லாம் முடிந்தது. அழுகை வரவில்லை. கரண்ட் டெஸ்டரை என் மேல் வைத்தால் விளக்கு எரியாது.

ஜூன் 21

மச்சினன், அவளுடைய தம்பி, வாசலில் பைக்கை அணைக்காமலே நின்றான். "மாமா, அந்தச் சுவரக் கட்டுன கொத்தனார் எங்க வேலை செய்றான்னு தெரிஞ்சிடுச்சு. வர்றீங்களா, நான் மட்டும் போகட்டா?"

போனேன்.

கொத்தனாருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மச்சினன் பின்னாலிருந்து உதைத்தான். அவர் மணல் குவியலில் முகம் புதைய விழுந்தார். "சிமெண்டத் தின்னுட்டு மண்ண வச்சுத்தானடா கட்டுன? இந்தா, மண்ணையும் தின்னு."

"பதினோரு வருசம் நின்ன சுவருய்யா," என்றார், துப்பிக்கொண்டே. "இப்ப ஏன் விழுந்துச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

அந்தக் கேள்விதான் பொறுக்கவில்லை. மட்டப்பலகையை எடுத்து அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தேன். முதல் அடியில் கத்தினார். மூன்றாவதில் எலும்பு கத்தியது. நாலாவதும் அடித்தேன். சித்தாள் பெண் ஒருத்தி செங்கல்லோடு ஓடி வந்தாள். அதனால் நிறுத்தினோம்.

வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன். நாலு நாளில் இதுதான் முதல் தடவை.

ஜூன் 23

அவளுடைய பையை எடுக்கப் பள்ளிக்குப் போனேன். வெளி வகுப்பு அப்படியே கிடக்கிறது. பெஞ்சு கிடையாது, கரும்பலகை கிடையாது. மணல் குழி, தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகள் விதைத்த பாத்தி, எல்லோரும் உட்காரும் வட்டம். "எண்ணுறதுக்கு உள்ள உக்காந்து கத்துக்கலாம். ஒருத்தரோட ஒருத்தர் இருக்கக் கத்துக்கணும்னா வெளிய வரணும்" என்பாள். ஒன்பது மணி வெயிலே பிள்ளைகளை விரட்டுகிறது என்று ஏப்ரலில் நிழல் துணி கேட்டாள். தூண் நடலாமா என்றாள். "தூண் எதுக்கு, சுவர் இருக்கே" என்றேன்.

இடிபாட்டில் பாதிச் செங்கல். அதில் ஒரு போல்ட். என் போல்ட்.

லிஃப்ட் குழியின் கான்கிரீட்டில் தினமும் நான் அடிப்பது. உள்ளே போய் விரிந்து பிடிக்கும். கான்கிரீட் தாங்கும். ஒற்றைச் செங்கல் கனமுள்ள சுவர் வெடிக்கும். நாலு இடத்திலும் வெடித்திருக்கிறது. மேலே இருபதடித் துணி. அன்றைக்குக் காற்று. துணி இழுத்த இழுப்பில் சுவர் கூடவே வந்துவிட்டது.

எந்தப் பக்கம்னு ஏன் கேட்டேன்னு இப்பத் தெரியுது. ட்ரில்லப் பிடிச்சது நான். முடுக்குனது நான். யானை கட்டி இழுத்தாலும் வராதுன்னு அவகிட்டப் பெருமை வேற பேசுனேன். நான்தான்டா கொன்னேன். இனிமே எவன் கைய உடைக்கிறது?

ஜூன் 24

பெற்றோர் கூட்டம். "மண்ணுல உருள விட்டா இப்படித்தான். ரூமுக்குள்ள வைங்க" என்றார் ஓர் அப்பா. தலைமை ஆசிரியை தலையாட்டினார். இனி எல்லோரும் உள்ளேதான். வெளி வகுப்பில் வண்டி நிறுத்தப் போகிறார்களாம். கொத்தனாரை அடித்ததற்காக மச்சினன் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

தப்பு மண்ணில் இல்லை, போல்ட்டில் என்று நான் சொன்னால் அந்த இடம் பிழைக்கும். ஐந்து வருடம் அவள் உண்டாக்கியது. சொன்னால் நான் உள்ளே போவேன்.

கல்லுளிமங்கன் மாதிரி நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 27

பிள்ளைகள் ஒருவரையொருவர் கடிக்கிறார்கள், சமாளிக்க முடியவில்லை என்று ஆயாம்மா கூப்பிட்டாள். ஓர் அறை, இருபத்திரண்டு பேர், சாத்திய ஜன்னல். நான் பார்க்கும்போதே 'லாரி' என்று பட்டப்பெயர் கொண்ட சிறுமி, 'தவளை' என்கிற பையனின் வாயில் மரக்கட்டையால் அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம்.

ஆயாம்மா கத்துவதற்குள் லாரி தானே எழுந்து போய்த் துணியை நனைத்து வந்து, அவன் உதட்டில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் இன்னும் கோபம்தான்.

"யார் சொன்னா?" என்றேன்.

"மிஸ்தான். அடிச்ச கைதான் துணி நனைக்கணும். அவன் போதும்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"யாருக்குத் தெரியும்? இவன் சீக்கிரம் சொல்லவே மாட்டான்."

"இன்னும் வலிக்குது," என்றான் தவளை, நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு.

ஜூன் 28

கொத்தனார் வீடு. கதவைத் திறந்த அவர் மனைவி கையிலிருந்த செம்பை என் நெற்றியில் அடித்தாள். "மிச்சக் கையையும் உடைக்க வந்தியா?"

ரத்தம் வழிய வழிய, போல்ட்டை அவர் முன்னால் வைத்துச் சொன்னேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது கையால் என்னை அறைந்தார். இரண்டாவது தடவை காது அடைத்துப்போனது. மூன்றாவதற்குக் கையை ஓங்கி, அப்படியே கீழே போட்டார்.

"ஒத்தக்கல் சுவத்துல இத எவன்டா அடிப்பான்? படிச்சவன்தான நீ?"

"தெரியலைங்க. கான்கிரீட்லயே அடிச்சுப் பழக்கம்."

"பழக்கமாம், பழக்கம்."

கை கூடுகிறவரை என்ன வேலை சொன்னாலும் வந்து செய்கிறேன் என்றேன். போதும் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 30

நான் கேட்டதற்காக எல்லாப் பெற்றோரையும் ஆயாம்மா வெளி வகுப்புக்கு வரவழைத்தாள். வட்டத்துக்குள் நின்று போல்ட்டைக் காட்டினேன். சுவரைத் தள்ளியது நான். கொத்தனார் கையை உடைத்ததும் நான். இந்த மண் யாரையும் கொல்லவில்லை.

மச்சினன் பாய்ந்தான். 'மாமா' என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. "எங்கக்காவ நீதான்டா கொன்ன." மூக்கில் குத்தினான். விழுந்த பிறகு விலாவில் உதைத்தான். நான் கையைத் தூக்கவில்லை. இழுத்துப் பிரிக்க நாலு அப்பாக்கள் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் பிரிக்கும் சாக்கில் தானும் ஒன்று வைத்தார்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன், இரண்டு குற்றத்தையும்.

ஜூலை 9

ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். இரண்டு விலாவில் விரிசல், மூச்சு விட்டால் குத்துகிறது. வண்டி நிறுத்தும் யோசனையைத் தலைமை ஆசிரியை கைவிட்டுவிட்டார். பதின்மூன்று பிள்ளைகள் வெளியே வந்திருக்கிறார்கள். ஒன்பது வீட்டில் அனுப்பவில்லை. அனுப்பாதவர்களைத் தப்பு சொல்ல முடியாது.

சுவர் ஓரம் வேண்டாம் என்று நடுவில் தூண் போடுகிறோம், மூன்றடி ஆழத்துக்கு. கொத்தனார் மாவுக்கட்டோடு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார். தவளையின் அம்மா ஜல்லி அள்ளிப் போடுகிறாள். என்னோடு பேசுவதில்லை.

மச்சினன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். எடுத்தால் கெட்ட வார்த்தை, கடைசியில் அழுகை. பத்து நாளாக ஒன்றுவிடாமல் எடுத்தேன். அவனுக்கு அந்த உரிமை உண்டு. இன்று தூணை நிமிர்த்திப் பிடிக்கும்போதும் சட்டைப்பையில் போன் அடித்தது.

"தூணப் பிடிக்கிறியா, போனப் பிடிக்கிறியா? கலவை இறுகுது," என்றார் கொத்தனார்.

சாயங்காலம் நானே அவன் வீட்டுக்குப் போவேன். அடித்தால் அடிக்கட்டும்.

இப்போதைக்குப் போனை அணைத்துவிட்டேன்.