சாட்சி சொன்ன தகரக் கோயில்

அன்பு மகள் ஸ்மரோவுக்கு,

நானும் உன் அம்மாவும் அவளுடைய மூட்டுவலியும் என் தொப்பையும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க மாதா அருள் புரியட்டும், கண் படாமலிருக்க மூன்று தடவை துப்பியும் விட்டேன். ஈஸ்டர் ஆட்டை இந்த வருஷம் நான்தான் சுட்டேன், ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை, "நடுவுல ஒரு விரக்கடை தேறும், அதைச் சாப்பிடுங்க"ன்னு உன் அம்மா விருந்தாளிகளுக்கு வழி காட்டினாள்.

நீ போனில் கேட்ட வழக்குக்கு வருகிறேன். ரொட்டிக்கடை ஃபோத்திஸ், பாவம், விடிகாலையில் ரொட்டிக்கூடையோடு மோட்டார் சைக்கிளில் வரும்போது, ஓட்டல்காரி எவாந்தியாவின் மகன் இயோர்தானிஸ் கடலோர வளைவில் காரில் எதிரே பறந்து வந்து இடித்துக் கொன்றானே, அதுதான். ஃபோத்திஸ் வரவேண்டியது கடல் பக்கம், காருக்கு உரியது மலைப் பக்கம். யார் கோட்டைத் தாண்டினார்கள் என்பதுதான் கேள்வி. போலீஸ் வருவதற்குள் பையனின் சித்தப்பாமார் டிராக்டர் கட்டிக் காரை மலைப் பக்கம் இழுத்துப் போட்டு 'வழி விட்டார்கள்', மிச்சத் தடத்தை மழை கழுவிவிட்டது. பையனுக்காக வாதாட வந்த ஏதென்ஸ் வக்கீல் வண்ணப் படம் போட்டுக் காட்டினார், அதில் கார் கன்னிப்பெண் மாதிரி மலையோரமாகவே வருகிறது, ஃபோத்திஸ்தான் தூங்கிப்போய்க் குறுக்கே பாய்கிறான். நான் காப்பிக்கடையில் காலையில் ஃபோத்திஸ் பெண்டாட்டி மரிகோ கட்சி, மாலையில் ஓட்டல் கட்சி, யார் காப்பி சொல்கிறார்களோ அந்தப் பக்கம் நியாயம் எனக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் மரிகோ நீதிபதியிடம், "அவனை ஜெயில்ல போடுங்க, போடாம விடுங்க. என் புருஷன் தூங்கிட்டான்னு மட்டும் எழுதிடாதீங்கம்மா. ஒரு ரொட்டியைக் கருக விட்டதில்ல அந்த மனுஷன், ரோட்டுல தூங்குவாரா?"ன்னு கேட்டபோது எனக்குக் குடித்த காப்பியெல்லாம் கசந்தது.

கடைசியாக, பையன் தங்கமானவன் என்று சொல்ல எவாந்தியாவைக் கூப்பிட்டார்கள். புதுக் கறுப்புப் பட்டு, கழுத்தில் சிலுவை. "புனித நிக்கோலாஸே வந்து காப்பாத்தின பிள்ளைங்கம்மா, நன்றிக்கு நான் கோயில் வச்சிருக்கேன்"னு நெஞ்சை நிமிர்த்தினாள். கம்பத்தில் விளக்கும் படமும் வைத்த சின்னக் கூண்டுதான், சாலையில் செத்தாலும் அந்த இடத்தில் தகரக் கோயில், பிழைத்தாலும் தகரக் கோயில், நம் ஊரில் வேகமாக ஓட்டினால் லாபம் தகரக் கொல்லனுக்குத்தானே. நீதிபதியம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எங்கே வைத்தீர்கள் என்றார். "கடல் பக்கம்"னு பட்டென்று சொல்லிவிட்டாள். வக்கீல் துள்ளி எழுந்து, அங்கே காட்சி அழகாக இருக்கும் என்பதற்காக வைத்திருப்பார் என்றார். அவ்வளவுதான், எவாந்தியாவுக்கு வந்ததே கோபம்! "என்னய்யா பேசுறே? புனிதருக்கே பொய் இடம் காட்டுவேனா? கார் மோதி நின்ன எடத்துலதான் வைக்கணும், ஒரு அடி தள்ளினாலும் நேர்த்தி பலிக்காது. அங்கேருந்துதான் என் புள்ளையை நானே வெளிய இழுத்தேன்"னு கத்தினாள். கார் நின்றது ஃபோத்திஸின் பக்கம் என்று பெற்றவளே சொல்லியாயிற்று. வக்கீலுக்குக் கொடுத்த கூலியைப் புனிதருக்கே கொடுத்திருக்கலாம் என்று உன் அம்மா என் காதில் சொன்னாள், மூன்று வரிசைக்குக் கேட்டது.

பையனுக்குத் தண்டனை ஆகிவிட்டது, ஃபோத்திஸ் தூங்கவில்லை என்றும் எழுதியாகிவிட்டது. ஆனால் மேல் முறையீடு இருக்கிறது, அந்த நீதிபதிகள் இடத்தை நேரில் பார்க்க வருவார்களாம். நேற்றுச் சித்தப்பாமார் என் சின்ன லாரியை இரவல் கேட்டு வந்தார்கள், "ஒரு சின்ன சாமான், ரோட்டைத் தாண்டி வைக்கணும் தனாசி, அவ்வளவுதான்". கிளட்ச் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். எவாந்தியா புனிதரோடு பேச்சை நிறுத்திவிட்டாள், எண்ணெய் ஊற்றுவதில்லை. மரிகோதான் தினமும் சாயங்காலம் வந்து ஃபோத்திஸ் நினைவுக்குத் தான் வைத்த கோயிலிலும் பக்கத்திலிருக்கும் அந்தக் கோயிலிலும் விளக்கேற்றுகிறாள். ஏன்டி இதுக்கும் என்று கேட்டேன். "நம்ம சாட்சியாச்சே மாமா, இருட்டுல நிக்க வைக்கலாமா?"ன்னாள்.

குட்டிக்குக் குல்லாய் போடு, மாப்பிள்ளையை மெதுவாக ஓட்டச் சொல், உங்கள் இருவர் தலையிலும் எங்கள் இருவர் கையும் இருக்கிறது. ஒன்றை மறக்காதே, ஊரிலிருந்து யார் போன் பண்ணிக் கேட்டாலும், அப்பாவின் லாரிக்குக் கிளட்ச் இல்லை.

உன் பொய்க்கார அப்பா,
தனாசிஸ்