ஆறாம் நாள் எண்ணிய தலைகள்

கரமனை,
20.7.1997

அன்பு மகள் அஜிதாவுக்கு, அப்பா தாணுமாலையன் சொல்லி எழுத வைப்பது. நானும் உன் மகள் கௌசல்யாவும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் மண்டையிடி இல்லாமல் இருக்கிறோம். குவைத் வெயிலில் நீயும் அப்படி இருந்தால் எங்களுக்கு அது போதும். இங்கே மழை விட்டபாடில்லை, ஆற்றில் தண்ணீர் படித்துறையின் மேல்படி வரை வந்து இறங்கிப் போனது, நம் வீட்டுப் பக்கம் ஏறவில்லை, பயப்படாதே. பிள்ளைக்கு முன்பல் ஒன்று விழுந்தது, கூரைமேல் எறிந்தாயிற்று.

மக்களே, உன் ரெண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. எழுத ஆள் கிடைக்கவில்லை என்று கௌசல்யாவிடம் பொய் சொன்னேன். ஆள் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. இந்த மலையாளப் பள்ளிக்கூடத்துத் தமிழ் டிவிஷனில் சேர்த்தாச்சா, என் பிள்ளை அவள் கையாலே எனக்கு எப்போது எழுதுவாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். சேர்த்தேன். அந்த வகுப்பு இப்போது இல்லை. என்னால் இல்லாமல் போயிற்று, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ ஒண்ணாம் கிளாஸில் சேர்ந்த வருஷம் அங்கே நாற்பத்திரண்டு பிள்ளைகள், யார் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். இந்த வருஷம் சரியாகப் பத்து. எல்லாம் ஹோட்டலிலும் கட்டிட வேலையிலும் நிற்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பத்துக்குக் குறைந்தால் டிவிஷன் கிடையாது. பள்ளிக்கூடம் நடக்கிற ஆறாவது நாள் கல்வி ஆபீஸிலிருந்து வந்து தலை எண்ணுவார்கள், அன்றைக்கு இருக்கிற தலைதான் அந்த வருஷக் கணக்கு. முதல் வெள்ளிக்கிழமை தாசம்மாள் டீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் தேதி போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினார். எனக்குத் தெரியாததா என்று நான் அதை யாரிடமும் வாசிக்கக் கொடுக்காமல் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். ஜூன் ரெண்டாம் தேதி திங்கள் திறந்தார்கள், சனியும் ஞாயிறும் தள்ளி விரல்விட்டு எண்ணினால் அடுத்த திங்கள் ஆறாவது நாள். அன்றைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி நானே கொண்டுவிட்டு, மணி அடிக்கும் வரை வாசலில் நின்றேன். இடையில் வியாழக்கிழமை பந்த் வந்து பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அந்த ஒரு நாளை நான் கழிக்கவில்லை. அன்றைக்குப் பகல் முழுக்கப் பிள்ளையோடு பல்லாங்குழி ஆடினதும், அவள் கள்ளத்தனம் பண்ணி ஜெயித்ததும் எல்லாம் நினைவிருக்கிறது, கழிக்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் வைகாசிக் கடைசிச் செவ்வாய், நம் குடும்பக் கோயிலில் கொடைத் திருவிழா. மருமகன் விஜய்குமார் தவறின பிறகு நீ கடல் தாண்டும்போது, பிள்ளைக்கு மொட்டை போடுகிறேன் என்று சுடலைமாடனுக்கு நேர்ந்தாய் அல்லவா, அது பாக்கி நின்றது. தலை எண்ணி முடிந்துவிட்டது என்ற தைரியத்தில் காலை பஸ்ஸில் நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போய்விட்டேன். உன் நேர்ச்சையால் வந்தது என்று நினைத்து அழாதே. நேர்ந்தது நீதான், நாள் பார்த்தது நான்.

அன்றைக்குத்தான் எண்ண வந்தார்கள். ஒன்பது தலை. ஆபீசர் ஸ்ரீகண்டன் சார் சாயங்காலம் கடைசி மணி அடிக்கும் வரை போகாமல் உட்கார்ந்திருந்தாராம். குமாஸ்தா மைதீனைச் சைக்கிளில் ரெண்டு தடவை நம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். வீடு பூட்டு. பக்கத்து வீட்டு ஞானையன், கிழவன் கொடைக்குப் போயாச்சு, நாளைக்குத்தான் வருவாரு என்று சொல்லியனுப்பினானாம்.

விஷயம் தெரிந்ததும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். சந்தனம் பூசின மொட்டையோடு அவளை ஆபீசர் மேஜை முன்னால் நிறுத்தி, இந்தா சார் பத்தாவது தலை, இப்ப எண்ணுங்க என்றேன். மைதீன், சாரே, இது இருக்க பளபளப்புக்கு ரெண்டா எண்ணலாமே என்றான். ஆபீசர் சிரிக்கவில்லை. இருக்கணும் அப்பூப்பா என்று தாத்தா முறை சொல்லி எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நேத்து தேதியில நான் எழுதிடலாம், ஆனா மேலேருந்து செக்கிங் வரும்போ என் ஜோலியோட டீச்சரோட ஜோலியும் போகும் என்றார். ஆனாலும் அன்றைக்கே மேல் ஆபீஸுக்கு எழுதினார், ஒரு வாரம் கழித்து மறுபடியும் எழுதினார். முடியாது என்று பதில் வந்தபோது ஆள் விட்டுச் சொல்லாமல் மழையில் குடை பிடித்து நம் வீட்டுக்கே வந்து வாசித்துக் காட்டினார். தமிழ் வகுப்பு உள்ள வேறு பள்ளிக்கூடத்தில் இடமும் பஸ் பாஸும் தருகிறேன் என்றார். மற்ற ஒன்பதில் நாலு பேர் போகிறார்கள். ரெண்டு பஸ் மாற வேண்டும், பிள்ளைக்கு ஆறு வயசு, எனக்குக் கண்ணில் புரை, பஸ் கிட்டே வந்த பிறகுதான் பஸ் என்று தெரிகிறது. நம் பிள்ளையை அதே கட்டிடத்தில் மலையாளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். புத்தகம் ஆபீஸிலிருந்து வந்தது, மத்தியானம் கஞ்சியும் பயறும் உண்டு. குறை சொல்ல அங்கே யாரும் இல்லை. யாரையாவது திட்ட முடிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

மொட்டை போட்டதுனாலதான் என்னை எண்ணல்லியா தாத்தா என்று பிள்ளை கேட்டாள். முடி இப்போது அரை விரல் வளர்ந்திருக்கிறது. இனி எண்ணுவாங்களா என்று தினமும் தலையைத் தடவிப் பார்க்கிறாள்.

இதை எழுதுவது தாசம்மாள் டீச்சர்தான். டிவிஷன் போனதால் டீச்சருக்கும் இங்கே இடம் இல்லை, ஆபீசர் அலைந்து பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார், நாளைக் காலையில் அங்கே சேர வேண்டும். உங்களாலன்னு எழுதாண்டாம் அண்ணாச்சி, பிள்ளைக கொறஞ்சதுனாலன்னு எழுதுகேன் என்று ரெண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தார். நான் சொன்னபடியே எழுதுங்க டீச்சரே என்றேன்.

நேற்று கௌசல்யா ஒரு தாளில் என்னவோ எழுதி, அம்மாக்கு அனுப்பணும் என்று என் மடியில் வைத்தாள். எனக்கு எழுத்தெல்லாம் ஒன்றுபோலத்தான். அந்த நாலைந்து நாளில் டீச்சர் சொல்லிக் கொடுத்த தமிழ் பிள்ளைக்கு மறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டு நாலு வீட்டில் கொண்டு காட்டினேன். எல்லாரும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். இப்போது டீச்சர் பார்த்துவிட்டு, மலையாளத்துல அம்மான்னு போட்டிருக்கா அண்ணாச்சி என்றார். உனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது, எனக்குத் தெரியும்.

நீ வளர்க்கிற அந்த அரபி வீட்டுப் பிள்ளைகளும் நீயும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். சுடலைமாடன் உனக்குத் துணை நிற்கட்டும், நேர்ச்சை தீர்ந்தது. கால்வலி என்றாயே, நின்றுகொண்டே சாப்பிடாதே. அடுத்த கடிதத்துக்கு யாரையாவது பிடிக்க வேண்டும், தாமதமானால் கலங்காதே. அந்தத் தாளையும் இதோடு மடித்து வைத்திருக்கிறேன். உன்கூட வேலைக்கு நிற்கிற கோட்டயத்துப் பெண்ணிடம் கொடு. அவள் வாசிக்கட்டும், நீ பக்கத்தில் இருந்து கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா தாணுமாலையன்
(இடது பெருவிரல் ரேகை)