முழங்கால் அளவு கடல்

ஜனவரி 18, சனி

திருச்சியில் கண் டாக்டர் இன்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இவருக்குப் போன பார்வை போனதுதான், மிச்சமும் நிற்காது. புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, "கடலப் பாக்கணும் அருணா. முழுசாப் போறதுக்குள்ள" என்றார்.

ஊரையே ஆட்டோவில் ஏற்றி இறக்கியவர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஊருக்கும் சும்மா போனதில்லை.

ஜனவரி 21

ஆட்டோவைப் பக்கத்துத் தெரு வசந்த் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனான். சத்தம் அடங்கும்வரை இவர் வாசலிலேயே நின்றார்.

ஜனவரி 24, கோட்டைப்பட்டினம் லாட்ஜ்

கடல் பார்க்கக் கிளம்பி, வழியில் ஆவுடையார்கோவிலில் இறங்கினோம். கோவில் கூரையில் கல்லிலேயே சட்டம், கல்லிலேயே ஆணி. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இவரும் பார்த்தார். "நல்லாருக்கு." அவ்வளவுதான்.

சாப்பிடும்போது மீனில் முள் எடுத்து வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார். "நான் என்ன பச்சப்புள்ளயா?"

ஜனவரி 25

முத்துக்குடாவில் படகில் போனோம். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, சேற்றில் கால் ஊன்றி நிற்கிற மரங்கள். படகுக்காரர் கண்ணன், "அந்தா பாருங்க, நாரைக் கூட்டம்!" என்று கை நீட்டினார்.

"அடேயப்பா, எம்புட்டு!" என்றார் இவர். ஆனால் பார்த்தது வேறு பக்கம். அங்கே வெறும் தண்ணீர்.

கண்ணன் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

இவ்வளவு மோசமா? டாக்டர் சொன்னதை நான்தான் குறைத்துக் கேட்டேனா? எதற்கு நடிக்கிறார் — எனக்காகவா?

ஜனவரி 26

 

மணமேல்குடிக் கடற்கரை. அலையே இல்லை. பாசியும் சேறும் சாம்பல் நிறத் தண்ணீரும். டீ வாங்கி வரச் சொன்னார். திரும்பி வந்தால் ஆளில்லை. தூரத்தில், கடலுக்குள், இவருடைய வெள்ளைச் சட்டை நேராக நடந்துகொண்டிருந்தது.

டீயைப் போட்டுவிட்டு ஓடினேன். கத்தினேன். கரையில் நண்டு வலையை உதறிக்கொண்டிருந்த செவந்தியம்மா என்கிற மீன்காரம்மா சேலையைச் செருகிக்கொண்டு கூடவே ஓடி வந்தார். "பயப்படாதத்தா, இங்கிட்டு எம்புட்டுத் தூரம் போனாலும் ஆழங் கெடையாது."

பிடித்துவிட்டேன். தண்ணீர் இவருக்கு முழங்காலைத் தாண்டவில்லை.

"நடக்குறேன், நடக்குறேன்... தண்ணி ஏறவே மாட்டேங்குது புள்ள" என்று அழுதார்.

அடித்தேன். சட்டையைப் பிடித்து நெஞ்சிலேயே அடித்தேன். "டீ வாங்க அனுப்பிட்டுப் போவீங்களா? நான் அம்புட்டுத்தானா ஒங்களுக்கு?"

செவந்தியம்மா எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தார்.

ஜனவரி 27

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

பிப்ரவரி 9

என் முந்தானையை இவர் கையில் முடிந்துகொண்டு படுக்கிறேன். இவருக்குத் தெரியும். அவிழ்ப்பதில்லை.

மார்ச் 2

இன்று என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். ஏன் என்று கேட்கத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"விடிஞ்சிருச்சா அருணா?"

வெயில் படி தாண்டி வீட்டுக்குள் வந்திருந்தது.

"விடிஞ்சிருச்சுங்க."

என் முந்தானை முடிச்சின் தடம் இருந்த மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். என்னைக் கூப்பிடாமல், சுவரைத் தடவிக்கொண்டே, கொல்லைப்பக்கம் பல் விளக்கப் போனார்.