வட்டாரம் ஏறிய மாதம்

மார்ச் 4
இன்று மானம் கப்பலேறியது. சாப்பாட்டு இடைவேளையில் செய்தித்தாளை விரித்து, "நம்ம வட்டாரத்துக்கு அம்பத்துநாலுதான் போட்டிருக்கான். ஏதோ தேறிட்டோம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். கணக்கு எழுதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அண்ணே, அது பரீட்சை மார்க் இல்ல. வேலைவாய்ப்பு எதிர்பார்ப்புக் குறியீடு." அட்டைப்பெட்டி ஆலை முழுக்க இப்போது என் பெயர் அம்பத்துநாலு. வெட்டு இயந்திரத்தின் முன் இத்தனை வருடம் நின்று சம்பாதித்த பெயர் போயே போச்சு.

மார்ச் 5
மகளிடம் கேட்டேன். அவளுக்கு அதுதானே வேலை! புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் போன் போட்டு, "வர்ற மாசங்கள்ல ஆள் கூடுமா, குறையுமா, அப்படியேதானா?" என்று கேட்பாள். கூடும் என்பவர்கள் அதிகமானால் எண் ஐம்பதைத் தாண்டும். குறையும் என்பவர்கள் அதிகமானால் ஐம்பதுக்குக் கீழே போகும். இவ்வளவுதானா விஷயம்?
"எங்க ஆலையையும் கேட்டியா?"
"கேட்டேன். என்ன சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதீங்கப்பா. வெளிய சொன்னா வேலை போயிடும்."
கேட்பேனா? எங்களுக்கு என்ன குறைச்சல்?

மார்ச் 11
மச்சான் வந்திருந்தான். மருந்துக் கிடங்கில் ஆள் எடுக்கிறார்களாம். எனக்காகப் பேசி வைத்திருக்கிறான், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். காலை ஆட்டிக்கொண்டே, "குறியீடு ஏறுற நேரத்துல எவனாவது இடம் மாறுவானா மச்சான்?" என்றேன். ஒரு வாரப் படிப்பு என்னமாய்ப் பேசுகிறது!

மார்ச் 13
மகள் விடமாட்டேன் என்கிறாள். "மாமா சொன்ன வேலைக்குப் போங்கப்பா."
"ஏன்?"
"சும்மாதான். போங்களேன்."
"அம்பதைத் தாண்டினா நல்லதுன்னு நீதானம்மா சொன்ன?"
"அது வட்டாரத்துக்குப்பா!"
கத்திவிட்டாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். "காரணமில்லாம அவ இப்படிக் கெஞ்சமாட்டாங்க" என்றாள் மனைவி. நான்தான் நிபுணனாயிற்றே. சிரித்தேன்.

மார்ச் 14
மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஏப்ரல் 2
ஆலையை மூடுகிறார்கள்.

ஏப்ரல் 3
நேற்று அதற்கு மேல் பேனா நகரவில்லை. எல்லோரையும் வாசலில் நிற்கவைத்து மேலாளர் வாசித்தார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. உள்ளே போய் இயந்திரத்தை ஓடவிட்டேன் — பழக்கதோஷம்! பெட்டி ஒட்டுகிற தம்பி வந்து அதை நிறுத்தினான். "அண்ணே... வெட்டி யாருக்குண்ணே அனுப்பப் போறோம்?" யாருக்கா? அதெப்படி? ஏறுதுன்னுதானே போட்டான்?
கணக்கு அம்மாவைப் பிடித்தேன். "ஏறத்தான் செய்யுதுண்ணே. கிடங்கு, ஆஸ்பத்திரி, கட்டட வேலை எல்லாம் ஆள் எடுக்குது. அத்தனைக்கும் நடுவுல நம்ம ஒரு ஆலை இறங்கினது எங்க தெரியப்போகுது?"
யாரும் பொய் சொல்லவில்லை.

ஏப்ரல் 7
கிடங்கில் இடம் நிரம்பிவிட்டது. மச்சான் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மே 6
அனுபவச் சான்றிதழ் வாங்கப் பழைய ஆலைக்குப் போனேன். இயந்திரம் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள். மேலாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க பொண்ணு நல்ல அழுத்தக்காரிதான். பிப்ரவரியிலேயே ஆலைய மூடப்போறோம்னு அவகிட்ட சொல்லிட்டேனே. வீட்டுல மூச்சே விடலையா?" என்றார்.
பிப்ரவரி. என் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. எப்படி வீடு வந்தேன்?
நாளைக்கு ஓர் இடத்தில் நேர்காணல். மகள் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
"மேலாளரைப் பாத்தீங்களாப்பா?"
"பாத்தேன்."
"என்ன சொன்னார்?" இஸ்திரிப்பெட்டி நின்றுவிட்டது.
"என்ன சொல்லுவார், உடம்பைப் பாத்துக்கச் சொன்னார். சட்டை கருகுது பாரு."
பதறி எடுத்தாள். உனக்கு முன்பே தெரியும் என்பது எனக்குத் தெரியும் — அதை மட்டும் சொல்லவில்லை.