நம்பர் இல்லாத ஜீப்

மாத்தளை,
12.11.1995

அன்புள்ள தம்பி இத்ரூஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருக்கிறோம். டோஹாவில் நீயும் வருத்தம் துன்பம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உம்மாவும் நானும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். உம்மாவின் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. இங்கே மழை விடுவதாய் இல்லை. கழுவிய துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை. சோர்வாக இருக்கிறது தம்பி, எழும்பும்போதே சோர்வாக இருக்கிறது.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன், எழுதாமல் எழும்பிவிட்டேன். மச்சானுக்கு என்மேல் கோபமா, ஏன் ஒரு வரியும் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். கோபம் ஒன்றுமில்லை. நீ அனுப்பிய, துண்டுகளை ஒட்டிச் செய்கிற சிவப்பு பிளாஸ்டிக் கார் பெட்டியும் பத்திரமாக வந்தது. ஆனால் அவர் அதைப் பிரிக்கவே இல்லை. உன் பெட்டி வந்த அன்றைக்கே மேசையைத் துடைத்து, நகவெட்டியையும் பிளேடையும் சாண்ட் பேப்பரையும் எடுத்து வைக்கிற மனிதர் பிரிக்காமல் வைத்திருக்கிறார் என்றால் காரணம் இருக்குமே என்று நீ நினைப்பாய். அதைத்தான் எழுதப் போகிறேன். ஆறுதலாக வாசி. வாசித்தபின் கிழித்துவிடு.

பக்கத்து வீட்டுத் தவமணிதேவி டீச்சரை உனக்குத் தெரியும். புருஷன் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். அவர் காலமான பிறகும் டீச்சர் ஊருக்குத் திரும்பாமல் ஒரே மகன் யோகேஸ்வரனோடு இங்கேயே இருந்துவிட்டார். எண்பத்தொன்பதில் நீ ரியாத்தில் இருந்தபோது, ‘யோகேஸ்வரனைக் காணவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தேன். கலவரம் என்று சொல்லி, சிங்களம் தமிழ் பாராமல் வாலிபப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டுபோன அந்தக் காலத்தில் அதற்குமேல் கடிதத்தில் எழுத முடியாது.

யோகேஸ்வரன் படித்த கெம்பஸை மூடியிருந்தார்கள். பிள்ளை வீட்டில்தான் இருந்தான். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்த நேரம், டீச்சர் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. உன் மச்சான் முன்னறை ஜன்னலோரம் இருந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார். நான் குசினியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவருவதற்குள் பிள்ளையை ஏற்றிவிட்டார்கள். டீச்சர் பின்கதவைப் பிடித்துத் தொங்கினார். ஜீப் அவரையும் இழுத்துக்கொண்டு ஓடி, ஒழுங்கை முனையில் ரோட்டில் உதறிவிட்டுப் போனது. மச்சான்தான் ஓடிப்போய்த் தூக்கினார். முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை.

அன்றைக்கே டீச்சரைப் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கக் கூட்டிப் போனார். போன இடத்தில் முதலில் கேட்டது ஜீப்பின் நம்பரைத்தான். நம்பர் தகடே இருக்கவில்லை. மச்சான் மற்றதையெல்லாம் சொன்னார். நீளமாக்கிய ஜீப், முன்பம்பர் ரயில் தண்டவாள இரும்பு, இடது மட்கார்டு வேறொரு வண்டியுடையது, பின்கதவும் அப்படித்தான் என்றார். எழுத இருந்தவர் பேனையை மூடிவிட்டு, “நம்பர் இல்லாத ஜீப் நாடு முழுக்க ஓடுது, முதலாளி. நாங்க எதைத் தேடுற?” என்று கேட்டாராம். அத்தோடு அது முடிந்தது. டீச்சர் மட்டும் பிள்ளையைத் தேடி இராணுவ முகாம் முகாமாய் அலைந்தார். பிறகு அலைவதையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தார்.

இந்த வருஷம், காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பாய். டீச்சருக்கும் வரச்சொல்லிக் கடதாசி வந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவும் இல்லை. “அவையளும் நம்பரைத்தான் கேப்பினம் தம்பி. ஒரு ஜீப் எண்டு சொன்னால் ஆர் நம்பப் போகினம்? நான் என்னத்தைச் சொல்லுறது?” என்று மச்சானிடம் கேட்டார்.

மச்சான் கடதாசியை வாங்கி வாசித்தார். எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலேயிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். முன்பு நீ அனுப்பியது, ஜீப் பெட்டி. “சொல்லத் தேவல்ல டீச்சர். காட்டுவோம்” என்றார்.

அவரைப் பற்றி உனக்குத் தெரியும்தானே. பெட்டியில் இருக்கிற படத்தைப் போல ஒன்றையாவது செய்ததுண்டா? அமெரிக்க லொறியை வெட்டி ஒட்டித் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறியாக்கினவர். அதெல்லாம் விளையாட்டு. செய்யும்போது பாட்டுப் படிப்பார், என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். இந்த ஜீப்பைச் செய்யும்போது பாட்டும் இல்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. புடைவைக் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் நேரே மேசைக்குப் போவார். பெட்டியிலிருந்த ஜீப் குட்டை. நடுவில் அறுத்து, யோகட் கோப்பையை வெட்டித் துண்டு வைத்து நீட்டினார். மிச்சமான பிளாஸ்டிக்கைப் பசையில் கரைத்து வெடிப்புகளைப் பூசினார். மட்கார்டுக்கு ஒரு பழைய காரைப் பிரித்தார். கூடாரத் துணிக்கு மெல்லிய கடதாசியைப் பசையில் நனைத்துப் போர்த்தினார். உள்ளங்கை அளவு சாமான்தான். “இது எதுக்கு நமக்கு? நம்ம மக ஸரீனா கல்யாண வயசுக்கு வர்றா” என்று சொன்னேன். “கொஞ்சம் பொறு புள்ள” என்றார். அவ்வளவுதான்.

நிறம் அடிக்கிற வேளைக்கு டீச்சரைக் கூப்பிட்டார். தான் ஜன்னலிலிருந்து பார்த்ததாகவும், கிட்டே நின்று பார்த்தவர் டீச்சர்தான் என்றும் சொன்னார். டீச்சர் பச்சையைக் கலக்கக் கலக்கப் பார்த்து, இன்னும் கறுப்பு, இன்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்கதவுக்கு வந்ததும் மச்சானின் தூரிகையைக் கையால் மறித்தார். “அது முந்தி நீலக் கதவு. மேலதான் பச்சை அடிச்சிருந்தவங்கள். நான் பிடிச்சுக்கொண்டு இழுபட்டனான்தானே. என்ர நகம் பட்ட இடமெல்லாம் நீலம் தெரிஞ்சுது” என்றார்.

இத்தனை வருஷமாய் அவர் யாருக்கும் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மச்சான் அந்தக் கதவுக்கு முதலில் நீலம் அடித்துக் காயவிட்டார். மேலே பச்சை அடித்தார். அதுவும் காய்ந்த பிறகு ஓர் ஊசியை எடுத்து டீச்சரின் கையில் கொடுத்தார். “இத நான் செய்யக்கூடாது டீச்சர். நீங்களே கீறுங்க” என்றார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, கதவின் கீழ் மூலை வரைக்கும் மெதுவாகக் கீறினார். நான் பார்க்க முடியாமல் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

விசாரணை நாளன்றைக்கு மச்சானோடும் டீச்சரோடும் நானும் போனேன். டீச்சரைத் தனியே விட மனம் வரவில்லை. மண்டபத்துக்கு வெளியே வாங்குகளில் உட்கார்ந்திருந்தது ஒரே பெண்கள். கூடுதலாகச் சிங்களப் பெண்கள்தான். லக்கலைப் பக்கத்திலிருந்தெல்லாம் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு போட்டோ. டீச்சர் யோகேஸ்வரனின் போட்டோவை ஹேண்ட்பேக்கில் வைத்துவிட்டு, ஜீப்பை ஒரு துவாயில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பல்லேகமயிலிருந்து வந்த சோமாவதி என்ற அம்மா இருந்தார். வெற்றிலை மென்றுகொண்டு சும்மா பார்த்தவர், குனிந்து பார்த்தார். பிறகு டீச்சரிடம் கேட்காமலே ஜீப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. சிங்களத்தில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன்: “இதில்தான் என் மகனைக் கொண்டுபோனார்கள். இந்தக் கீறல். பின்னால் ஓடும்போது இந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டுதான் ஓடினேன்.”

எந்த மாதம் என்று டீச்சர் கேட்டார். யோகேஸ்வரனைக் கொண்டுபோனதற்கு அடுத்த மாதம்.

தம்பி, நான் சாவு நடந்த எத்தனையோ மையத்து வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு அந்த இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்த மாதிரி எங்கேயும் பார்த்ததில்லை. அழவில்லை. சோமாவதி அம்மா டீச்சரின் விரல்களை எடுத்து ஒவ்வொரு நகமாகத் தடவிக்கொண்டே இருந்தார்.

உள்ளே இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். நம்பரைக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லி டீச்சர் ஜீப்பை மேசைமேல் வைத்தார். ஆணைக்குழுவின் பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. இரண்டு முறைப்பாட்டிலும் ஒரே வாகனம் என்று எழுதச் சொன்னார். பிறகு, இதைச் செய்தது யார் என்று கேட்டார். பின்வரிசையில் என்னோடு இருந்த மச்சான் எழும்பி, தன் பெயர், வாப்பாவின் பெயர், வீட்டு விலாசம், கடை விலாசம் எல்லாம் சொன்னார். மண்டபத்துக்குள் யார் யாரெல்லாம் நின்று அதைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜீப்பை ஒரு பையில் போட்டு நூல் கட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. பிள்ளைகளைப் பற்றியும் இல்லை, ஜீப்பைப் பற்றியும் இல்லை. செய்தி வந்தது வேறு பக்கத்திலிருந்து. இரண்டு பேர் கடைக்கு வந்து, சாரமும் சேட்டுத் துணியும் எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல், “ஜீப் செய்ற ஆள் நீங்கதானே? எங்களுக்கும் ஒன்னு செஞ்சி தாங்களேன்” என்று சிரித்துக்கொண்டு கேட்டார்களாம். கடையில் துணி மட்டும்தான் இருக்கிறது என்று மச்சான் சொல்லியிருக்கிறார். “வீட்டுக்கு வாறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கடைப் பையன்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

டீச்சர் காதுக்கும் அது போய்விட்டது. ஓடிவந்து, “தம்பி, நான்தான் சொல்லிச் செய்விச்சனான் எண்டு எழுதிக் குடுக்கிறன். நீங்கள் உங்கட சொல்லைத் திருப்பி எடுங்கோ. எனக்கு இனி இழக்க ஒண்டுமில்லை, உங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளை இருக்கு” என்று கெஞ்சினார். மச்சான், “மற்றதெல்லாம் நான் செஞ்சது. கீறினது நீங்க. அத நான் எப்படித் திருப்பி எடுக்கிற?” என்று கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். டோஹாவுக்குப் போய்த் தம்பியோடு கொஞ்ச நாள் இருங்கள் என்றேன். “மறுபடி கூப்பிட்டா டீச்சரும் அந்தப் பல்லேகம அம்மாவும் தனியாவா போவாங்க?” என்றார். அவருக்குச் சாப்பாடு குறைந்துவிட்டது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம். ஸரீனா அதைக் கவனிக்கிறாள்.

போன ஜும்ஆவன்று கலேவெலயிலிருந்து நூருன்னிஸா என்று ஒரு பெண் வந்தாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் லொறி ஓட்டினவர். தம்புள்ளையில் மரக்கறி இறக்கிவிட்டு நின்றவரை ஒரு வேனில் கொண்டுபோனார்களாம். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். மச்சான் வீட்டில் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவள் செருப்பில்லாமல் நின்றாள். மழையில் பஸ்ஸுக்கு ஓடும்போது அறுந்துவிட்டதாம். “வேன்ட பக்கக் கண்ணாடியில ஒரு படம் ஒட்டியிருந்திச்சி ராத்தா, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்” என்றாள். நான் கதவை முழுக்கத் திறந்துவிட்டேன். வேறு யாரும் திறக்கவில்லை தம்பி, நான்தான். இன்றைக்கும் வந்திருக்கிறாள்; இப்போது மச்சான் அவளோடு இருந்து அந்தப் படம் என்ன என்று கேட்டுக் கேட்டு வரைந்துகொண்டிருக்கிறார். பறவையா பூவா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆனால் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வருகிறது. அதனால் அவரை எழும்பச் சொல்ல எனக்கு முடியவில்லை. உன் சிவப்புக் கார் பெட்டி பிரிக்காமல் கிடப்பதும் இதனால்தான்.

நீ பயப்படுவாய் என்றுதான் இவ்வளவு நாளும் எழுதவில்லை. பயப்படாதே என்று எழுதவும் எனக்குத் தெரியவில்லை. உம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே. ஸரீனாதான் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். உன் பெண்சாதி பிள்ளைகளோடு ஃபோனில் பேசும்போது எங்கள் சலாமைச் சொல். வெயிலில் வேலை செய்யாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னை எங்கள் கண் முன்னால் ஆரோக்கியத்தோடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இனிக் கடிதம் போட்டால் கடை விலாசத்துக்குப் போடாதே. வீட்டுக்குப் போடு. உறையில் என் பெயரை மட்டும் எழுது. மச்சானின் பெயரை உன் துஆவில் சொல், தம்பி. ஒரு நேரமும் மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள ராத்தா
றஹீமா லாபிர்