கண்ணாடிக் கடையின் வைஃபை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் சுற்றியது.

பதினொரு மணிக்கு ஏலக்காரர் திரையில் வந்து உட்கார்ந்தார். தக்காளிப் படத்தைக் காட்டினேன். வாயைத் திறந்தார், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார். முகத்துக்கு நடுவே அந்த வெள்ளை வட்டம், சுற்று சுற்று என்று சுற்றுகிறது. படம் திரும்பி வந்தபோது வாயை மூடியிருந்தார். சொன்னாரா, இல்லையா? "சொன்னாருங்க டீச்சர், நல்லாவே சொன்னாரு" என்றார் அவர் மனைவி. வாரக்கணக்காகக் காத்திருந்த சொல். அதைக் கேட்கத்தான் நான் இருக்கிறேன், எனக்குத்தான் கேட்கவில்லை.

காய்கறி மண்டியில் ஏலம் கூவியவர் அவர். பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோனது. கை பாதி திரும்பிவிட்டது. பேச்சுதான் முரண்டு பிடிக்கிறது. சொல் உள்ளே இருக்கிறது, வாய்க்கு வர நேரமாகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற எனக்கு முக்கால்வாசி வேலை, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முந்திக்கொண்டு நான் சொல்லிவிட்டால் போச்சு. அவர்கள் ஊரில் இந்தப் பயிற்சிக்கு ஆள் இல்லை. அதனால் திரைதான் கதி.

இறங்கிப் போய் அண்ணனிடம் கத்தினேன். கீழ்த்தளத்தில் முன்னால் அவனுடைய கண்ணாடிக் கடை, பின்னால் அவனும் அண்ணியும் குடியிருக்கும் வீடு, மாடியில் நான், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நெட் இணைப்பு.

"எனக்கு நல்லாத்தானே வருது?" என்றான், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு. "கடைக்கு வர்றவங்களும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

சொல்ல மாட்டார்களா? பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறான். நிலைக்கண்ணாடிக்கு ஃப்ரேம் போடக் கொடுத்துவிட்டு, அது முடியும்வரை நாற்காலி போட்டுப் போனில் படம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கேட்டால், வருகிறவர்களுக்கு ஒரு மரியாதையாம். மாடியில் இருப்பவளுக்கு மரியாதை வேண்டாம் போல.

மார்ச் 5, புதன்

நெட்காரர் வந்தார். இவருக்கு நானும் அண்ணியும் வைத்த பெயர் 'ஆஃப்-ஆன்'. என்ன குறை சொன்னாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். இன்றும் அதே பூசைதான். கல்லா ஓரத்து ஸ்விட்சை அணைத்தார், போட்டார், அங்கேயே நின்று தன் போனைப் பார்த்து, "டவர் ஃபுல்லா இருக்கே மேடம்" என்றார்.

"இங்க இருக்குங்க. மேல வந்து பாருங்க."

"மேல ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாட்டிக்கோங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். ஒரு மாடி ஏற முடியாதா இந்த மனிதருக்கு?

மார்ச் 7, வெள்ளி

ரிப்பீட்டர் வாங்கியாயிற்று. என் மேசைக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. போனில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கின்றன. ஏலக்காரர் மட்டும் துண்டு துண்டாக வந்தார். ஒரு கண் நகர்ந்தால் மறு கண் நகரவில்லை.

அதோடு வந்த தாளை மதியம்தான் வாசித்தேன். கீழே இருக்கிற வைஃபை பெட்டியிலிருந்து வருவதை வாங்கித் திருப்பிச் சொல்வதுதான் இதன் வேலையாம். நல்ல சிக்னல் கிடைக்கிற இடத்தில், பாதி வழியில் வைக்க வேண்டுமாம். சிக்னலே வராத இடத்தில் வைத்தால் எதைத் திருப்பிச் சொல்லும்? படித்தவள் நான். மாட்டுவதற்கு முன்னால் படித்திருக்கலாம்.

மார்ச் 8, சனி

ரிப்பீட்டரை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை. "கொஞ்சம்" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 11, செவ்வாய்

அதிசயம்! வகுப்பு முழுக்க ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. ஏலக்காரர் "வெங்... வெங்காயம்" என்றார். காதாரக் கேட்டேன். மேசையைத் தட்டினேன், அவரும் இடது கையால் தட்டினார்.

இத்தனைக்கும் கீழே ஒரே அமளி. சலூன் வைத்திருக்கிற ஒருவர், கடையிலேயே பெரிய கண்ணாடியை வெளிச்சத்தில் பார்த்தால்தான் ஆயிற்று என்றாராம். ஆட்கள் அதைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய், "மெல்ல, மெல்ல, ஓரம், ஓரம்" என்று கத்திய கத்தலில் எனக்கே பேச்சு மறந்துவிடும் போலிருந்தது. அரை நாள் தெருவில் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்று போய்விட்டார். கண்ணாடி பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அண்ணன் முகம் தொங்கிப் போயிருந்தது.

வைஃபை தானாகவே திருந்திவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கண் படக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

முட்டைக்கோஸ் படத்தைக் காட்டினேன். ஏலக்காரர் பார்த்தார். காத்திருந்தேன். சத்தமில்லை, அசைவில்லை. வட்டம் வரவில்லை, ஆனால் அதுவும் நம்புகிற மாதிரியா இருக்கிறது? சில நாள் வட்டமே இல்லாமல் நின்றுபோகும். கண் இமைக்கக் காணோம். இன்னும் காத்திருந்தேன். இன்றைய வகுப்பில் இரண்டு தடவை ஏற்கெனவே நின்று நின்று வந்திருந்தது. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"இந்தச் சனியன் மறுபடியும் நின்னு தொலைஞ்சுதா! இதோட மாரடிச்சே என் உசுரு போயிடும்!"

வாய்விட்டுக் கத்தினேன். அவர் முகத்துக்கு நேராக.

நிற்கவில்லை. அவர் நின்றுபோகவில்லை. தேடிக்கொண்டிருந்தார். நான் கத்தி முடித்ததும் அவர் கண் மெதுவாகக் கீழே இறங்கியது. இடது கை வந்தது. மடிக்கணினியை மூடிவிட்டார்.

ஐயோ, என்ன செய்துவிட்டேன்?

மார்ச் 15, சனி

ஏலக்காரரின் மனைவி கூப்பிட்டார். கோபமே இல்லாமல் பேசினார். கோபப்பட்டிருக்கலாம்.

"நேத்துலேர்ந்து ஒரு வார்த்த வரல டீச்சர். தக்காளியும் போச்சு, வெங்காயமும் போச்சு. படத்த எடுத்தாலே மொகத்தத் திருப்பிக்கிறாரு."

நெட்டைத்தான் திட்டினேன், அவரை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"எனக்குப் புரியுதுங்க. வாயால ஊரையே கட்டிப்போட்ட மனுசன். இப்ப யாரு எது சொன்னாலும் தன்னத்தான் சொல்றாங்கன்னு தோணுது. பையன் இதையெல்லாம் நிறுத்திடலாங்கறான். நானும் எத்தன நாளைக்கு இழுத்துப் புடிக்கிறது?"

நிறுத்திவிட்டால் வந்த நாலு சொல்லும் போய்விடும். பக்கவாதம் வந்த முதல் மாதங்களில் வராதது பிறகு வருவது கஷ்டம். அவர் மனைவிக்கும் அது தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

கடை மூடியிருந்தது. அண்ணியிடம் சாவி வாங்கிக்கொண்டு போனையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வைஃபை பெட்டி, மாடிப்படிப் பக்கத்து மேல் தட்டில் இருக்கிறது என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே பூந்தொட்டி இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், கல்லா ஓரம், தரையில், சுவரில் சாய்த்து வைத்த அந்தப் பெரிய கண்ணாடிக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது நம் வைஃபை! கண்ணாடி அதற்கு மேல் கூரை போட்ட மாதிரி சாய்ந்து நிற்கிறது. திறந்த பக்கம் அண்ணனின் நாற்காலி. அவனுக்கு ஏன் நன்றாக வராது?

கண்ணாடியின் முதுகில் இருப்பது உலோகப் பூச்சு. வருவதைத் திருப்பி அனுப்பத்தான் அதைப் பூசுகிறார்கள். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, சிக்னலையும் திருப்பி அனுப்புகிறது. செவ்வாயன்று அது தெருவில் நின்றது, எனக்கு வெங்காயம் கேட்டது. என் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது, மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அண்ணனை எழுப்பிக் கூட்டி வந்தேன்.

"போன மாசம் வெள்ளையடிச்சப்ப மாத்துனேன்" என்றான், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "மேல இருந்தா அந்தப் பச்சை லைட்டு எல்லாக் கண்ணாடியிலயும் தெரியுது. ஒரே பெட்டி கடை பூரா மினுக்குது. வர்றவங்க அவங்க மொகத்தப் பாப்பாங்களா, இந்த லைட்டப் பாப்பாங்களா?"

"அதுக்காக இதுக்கு அடியிலயா சொருகுவ? ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"நீ கேக்கலையே."

கேட்கவில்லையாம்! என்னென்னவோ கத்தினேன். என் வேலைக்கு இந்த வீட்டில் ஈ காக்கைகூட மதிப்புக் கொடுப்பதில்லை என்றேன். ஒரு மனிதர் பேச்சையே விட்டுவிட்டார், உன் பச்சை லைட்டால் என்றேன். அவன் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"மேல யார்கிட்டயோ 'மெதுவா சொல்லுங்க, அவசரமே இல்ல'ன்னு தேனா பேசுற. கீழ வந்தா எங்களுக்கு வாயத் தொறக்கவே விட மாட்டேங்குற."

சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சுள்ளென்று இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

அண்ணன் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 18, செவ்வாய்

பதினொரு மணிக்குப் பழக்கத்தில் திரையைத் திறந்து உட்கார்ந்தேன். என் முகம்தான் தெரிந்தது.

அண்ணி துணி காயப்போட மேலே வந்தவர் என் அறை வாசலில் நின்றார். "இன்னைக்கு வகுப்பு இல்லையா? உங்க அண்ணன் கேட்டாரு, மேல சத்தமே காணோமேன்னு."

"அவனுக்கு என்ன வந்தது?"

"என்ன வந்ததா? செவ்வாயும் வெள்ளியும் இந்த நேரத்துல அவரு கண்ணாடி அறுக்க மாட்டாரு, தெரியாதா உங்களுக்கு? அந்தக் கீச்சுச் சத்தம் மேல கேக்கும்னு மெஷின நிறுத்தி வெச்சுட்டு, ஃப்ரேமுக்குப் பசை தடவிட்டு உக்காந்திருப்பாரு. அன்னைக்கு வெங்காயம்னு கேட்டதும் தெருவுலேர்ந்து ஓடி வந்து என்கிட்ட சொன்னாரு."

எனக்குத் தெரியாது. அறுக்கும் சத்தம் கேட்கவில்லை என்பதை யார் கவனிப்பார்கள்? தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்துவிட்டது, அண்ணி முன்னால் அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

காலையில் எழுந்தால் மாடிப்படிச் சுவரில் அண்ணன் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். "ஒயரே மேல வரட்டும்" என்றான், என்னைப் பார்க்காமல். "காத்துல வர்றத நம்பி என்ன பண்றது?"

ஆஃப்-ஆன் இன்னொரு பெட்டியோடு வந்தார். இது வாங்கித் திருப்பிச் சொல்கிற வகை இல்லை. கீழேயிருந்து ஒயர் வழியாக நேராக வாங்கி, என் அறையிலிருந்தே புதிதாக சிக்னல் கொடுக்கும். கீழே இருக்கிற பெட்டி பழையபடி மேல் தட்டுக்கு ஏறியது. கடைக்கு வருகிறவர்களுக்கு வேறு பெயரில், வேறு பாஸ்வேர்டில், தனி வைஃபை. அவர்கள் எவ்வளவு படம் பார்த்தாலும் என்னைத் தொட முடியாத மாதிரி அளவு வைத்துவிட்டார். எல்லாம் முடிந்ததும் என்னிடம், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பச்சை லைட்டா? அண்ணி ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டினார். அவ்வளவுதான். மினுக்கல் போயே போச்சு. அண்ணனும் நானும் அதைப் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்த்தோம். அவன்தான் முதலில் சிரித்தான்.

"கத்தினது தப்புதான்" என்றேன்.

"எந்தக் கத்தல்?" என்றான். "நீ கத்துறத எண்ணிட்டா இருக்கேன்?"

மார்ச் 21, வெள்ளி

ஏலக்காரரின் மனைவியைக் கூப்பிட்டேன். போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஐயா, அன்னைக்கு நான் திட்டினது உங்கள இல்ல. எங்க வீட்டு வைஃபை பெட்டிய. அது நின்னுபோச்சுன்னு நெனச்சேன். நீங்க யோசிச்சுக்கிட்டு இருந்தீங்க. உங்களப் பாத்தே நான் தெரிஞ்சுக்கிட்டிருக்கணும். தப்பு என்னோடது." கண்ணாடி, பச்சை லைட்டு, டேப்பு, என் அறைச் சுவரில் மாட்டிய புதுப் பெட்டி, எல்லாக் கூத்தையும் சொன்னேன். பதிலில்லை. காத்திருந்தேன். மூச்சு மட்டும்.

பிறகு மனைவி வாங்கிப் பேசினார். "தலையாட்டல. ஆனா போனத் தள்ளிவிடவும் இல்ல."

செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு தடவை, படம் எதுவும் வேண்டாம், சும்மா வந்து உட்காரட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இன்னொன்றும் கேட்டேன். அவருக்குப் பின்னால் மேசை மின்விசிறியை வைத்து, அதில் ஒரு காகிதத் துண்டைக் கட்டிவிடச் சொன்னேன். அது ஆடிக்கொண்டிருந்தால் படம் ஓடுகிறது என்று அர்த்தம். இந்த யோசனை எனக்கு முதல் நாளே வந்திருக்கக் கூடாதா?

மார்ச் 25, செவ்வாய்

வந்தார்.

முகம் சவரம் செய்திருந்தது. பின்னால் மின்விசிறி, அதில் சிவப்புக் காகிதம். நான் படம் எதையும் எடுக்கவில்லை. "வணக்கம் ஐயா" என்றேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். கீழே அறுக்கும் மெஷின் ஓடாததை இன்று கவனித்தேன்.

அவர் என்னையே பார்த்தார். அசைவில்லை, இமைகூட ஆடவில்லை. மறுபடி நின்றுவிட்டதா? காகிதத்தைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. சரி. அவர்தான் தேடுகிறார், தேடட்டும். அவர் மனைவி வாயைத் திறக்கப் போனார், வேண்டாம் என்று கை காட்டினேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

உதடு அசைந்தது. "ச..." என்றார். நின்றது. மறுபடி "ச..." நான் சொல்லிக்கொடுத்த சொல் எதுவும் அப்படித் தொடங்காது. என்ன வரப் போகிறது என்று எனக்கும் தெரியவில்லை.

"சனியன்..." என்றார். என்னையும் தாண்டி, எனக்குப் பின்னால் சுவரில் இருந்த புதுப் பெட்டியை இடது கையால் காட்டினார். "...சரியாச்சா?"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கீழே கடையிலிருந்து அண்ணனின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஆச்சுங்க ஐயா" என்றேன்.